கன்னியப்பன் லாரியில் காணாமல் போன காற்று

மரக்காணத்தில் கடலுக்குப் போகாத மீன்காரன் ஒருவன் இருந்தான் என்றால் அது கன்னியப்பன்தான். கட்டுமரத்தில் ஏறினால் அவனுக்குக் குமட்டும். சின்ன வயதில் அப்பன் அவனைக் கயிற்றால் கட்டிக்கூட அழைத்துப் போய்ப் பார்த்தார். காலையில் குடித்த கஞ்சி ஒரு நாளும் அவனோடு கரைக்குத் திரும்பியதில்லை. "இவன் மீனுக்குத் தீனி போட வர்றான், புடிக்க வரல" என்று சொல்லிக் கடைசியில் அவரே கரையில் விட்டுவிட்டார். கரையில் என்ன இருக்கிறது? உப்பு இருக்கிறது. உப்பு இருந்தால் அதை ஏற்றிப்போக லாரி இருக்கிறது. கன்னியப்பன் கிளீனராக லாரியில் ஏறினான், டிரைவராக இறங்கினான். நடுவில் நிறைய வருஷம் போனது. அதைப் பற்றிச் சொல்ல ஒன்றும் இல்லை, வண்டி கழுவினான்.

நல்ல மனுஷன். குடி கிடையாது, அடுத்தவன் வீட்டு வம்பு கிடையாது. குணம் என்று பார்த்தால் ஒன்றே ஒன்றுதான், சொன்ன சொல்லைத் திருப்பி எடுக்க மாட்டான். ஒரு தடவை பிரம்மதேசத்துக்கு வழி கேட்ட ஆளை நேர் எதிர்த்திசையில் அனுப்பிவிட்டான். அந்த ஆள் சாயங்காலம் கால் கொப்புளத்தோடு திரும்பி வந்து சண்டை பிடித்தார். "நான் சொன்ன வழி சரிதான்யா, ஊருதான் தள்ளி இருக்குது" என்றான் கன்னியப்பன். 

அவன் பெண்டாட்டி மங்கம்மா உப்பளத்தில் கூலிக்குப் போனவள். பாத்தியிலிருந்து கூடையில் உப்பை வாரிக் கொண்டுவந்து மேட்டில் அம்பாரமாகக் கொட்டுவாள், அம்பாரத்திலிருந்து லாரிக்கும் ஏற்றுவாள். ஒரே பெண், திரௌபதி. அவளைக் குப்புசாமியின் மகன் சகாதேவனுக்குப் பேசி முடித்திருந்தார்கள். ஜாதகம் பார்க்கவில்லை. பெண் பெயரையும் பிள்ளை பெயரையும் கேட்ட உடனே பெரியவர்கள் பொருத்தம் என்று சொல்லிவிட்டார்கள். பாக்கி நாலு பேரைப் பற்றி யாரும் பேச்செடுக்கவில்லை. குப்புசாமியும் வலை பின்னுவதை விட்டுவிட்டு வந்த லாரி டிரைவர்தான். அவன் வண்டியும் கன்னியப்பன் வண்டியும் சவுக்குத் தோப்பு ஓரத்தில் பக்கத்தில் பக்கத்தில்தான் நிற்கும். வைகாசியில் கல்யாணம். பந்தலுக்குக் கீற்றுக்கூடச் சொல்லியாகிவிட்டது.

எமர்ஜென்சிக்கு முந்தின வருஷம் அது. முதலாளி ஒரு ஏர் பிரேக் லாரி வாங்கிக் கன்னியப்பன் கையில் கொடுத்தார். அதுவரை எல்லாம் எண்ணெய் பிரேக்தான். காற்று எப்படி லாரியை நிறுத்தும் என்று டீக்கடையில் ஒருவருக்கும் நம்பிக்கை இல்லை. கன்னியப்பன் பொறுமையாக எடுத்துச் சொன்னான். இஞ்சின் ஓடும்போது ஒரு பம்பு காற்றை இழுத்து, வண்டிக்கு அடியில் இருக்கிற டேங்கில் அமுக்கி வைக்கும். காலால் மிதித்தால் அந்தக் காற்று இரும்புக் குழாய் வழியாகச் சக்கரத்துக்கு ஓடிப் பிரேக்கைத் தள்ளும். டேங்கில் காற்று எவ்வளவு என்று முன்னால் ஒரு முள் காட்டும். முள் ஏறாமல் வண்டியை எடுக்கக் கூடாது, எடுத்தால் பிறகு நிறுத்த முடியாது.

"அப்ப காத்து இல்லன்னா லாரி கடல்லதான் நிக்கும்னு சொல்லு" என்றான் குப்புசாமி.

"உன் வண்டி எண்ணெயில நிக்குதே, வடை சுடுவியா அதுல?" என்றான் கன்னியப்பன். அப்போது இரண்டு பேரும் சிரித்துக்கொண்டுதான் பேசினார்கள்.

மாசி பிறந்ததும் வந்தது வினை. சாயங்காலம் வண்டியை நிறுத்தும்போது முள் உச்சியில் இருக்கும். காலையில் வந்து பார்த்தால் செத்த பல்லி மாதிரி கீழே கிடக்கும். டேங்கில் காற்றே இருக்காது. இஞ்சினைப் போட்டு உறுமவிட்டு, முள் ஏறுகிறவரை உட்கார்ந்திருக்க வேண்டும். அதற்குள் குப்புசாமியின் பழைய வண்டி அம்பாரத்தடியில் போய் நின்றுவிடும். உப்பு மேட்டில் ஒரு சட்டம் உண்டு, முதலில் வந்த வண்டிக்கு முதலில் உப்பு. வெயில் ஏறும்முன் பெண்கள் ஒரு வண்டியை ஏற்றி முடித்துவிட்டுக் கஞ்சிக்குப் போய்விடுவார்கள். அடுத்த வண்டி பகல் முழுக்கக் காயும். தினம் தினம் கன்னியப்பன் காய்ந்தான். முதலாளி, இதே ரீதியில் போனால் வேறு டிரைவரைப் பார்க்க வேண்டும் என்று சொல்லி அனுப்பினார்.

வண்டியைத் திண்டிவனத்துக்கு ஓட்டிக்கொண்டு போனான். அங்கே சிவப்பிரகாசம் என்று ஒரு மெக்கானிக். கைதேர்ந்தவர், அதில் குறை சொல்ல முடியாது. டேங்கு நிறையக் காற்றை ஏற்றி, இஞ்சினை நிறுத்திவிட்டு, முள்ளைப் பார்த்துக்கொண்டே ஒரு பீடியைக் குடித்து முடித்தார். முள் அசையவில்லை. பிரேக் பெடலை ஒரு கட்டையால் அழுத்தி முட்டுக் கொடுத்துவிட்டு, ஒவ்வொரு சக்கரத்திடமும் போய்க் காதைக் கொடுத்தார். மிதித்தால் மட்டும் ஒழுகுகிறதா, மிதிக்காமலே ஒழுகுகிறதா என்று அப்படித்தான் பிரித்துப் பார்க்க வேண்டுமாம். எப்படிப் பார்த்தாலும் ஒழுகவில்லை. சவுக்காரத்தைக் கரைத்து, குழாய் வந்து சேருகிற மூட்டு ஒவ்வொன்றிலும் நுரையைத் தடவினார். எங்கே காற்று கசிகிறதோ அங்கே குமிழி எழும்பும். ஒன்றும் எழும்பவில்லை. ஒரு ராத்திரி வண்டியை அங்கேயே நிறுத்திக்கொண்டார். காலையில் முள் வைத்தது வைத்த இடத்தில் இருந்தது.

"அண்ணே, வண்டியில குறை இல்ல" என்றார். "டேங்குக்கு அடியில தண்ணி வடிக்கிற திருகு ஒண்ணு இருக்குது பாருங்க. உங்க ஊர்ல எவனோ அதைத் தொறந்து வுடுறான்."

அவர் சொல்லிவிட்டு அடுத்த வண்டிக்கு அடியில் போய்விட்டார். கன்னியப்பன் அந்த 'எவனோ'வை ஊர் வரைக்கும் மடியில் கட்டிக்கொண்டு வந்தான்.

அன்றைக்கே அந்தத் திருகில் ஒரு மஞ்சள் நூலைச் சுற்றி முடிச்சுப் போட்டான். எவனாவது திறந்தால் நூல் அறுந்திருக்கும், பிடித்துவிடலாம். காலையில் போய்ப் பார்த்தான். நூல் அப்படியே இருந்தது, முடிச்சு அப்படியே இருந்தது, காற்று மட்டும் இல்லை. வேறு ஒருவனாக இருந்தால் இதைப் பார்த்து யோசித்திருப்பான். கன்னியப்பனும் யோசித்தான். திருடன் நூலை அவிழ்த்துக் காற்றைத் திறந்துவிட்டு, மறுபடி அதே மாதிரி முடிச்சுப் போட்டுவிட்டுப் போயிருக்கிறான் என்று முடிவு செய்தான். அப்படி முடிச்சுப் போடத் தெரிந்தவன் யார்? வலை பின்னின கை. பக்கத்தில் வண்டியை நிறுத்துகிறவன் யார்? தினம் முதலில் உப்பு ஏற்றுகிறவன் யார்?

டீக்கடையில் ஊரே இருக்கும்போது கேட்டுவிட்டான்.

"ஏம்பா குப்புசாமி, என் வண்டிக் காத்த எடுத்துக்கினு போயி இன்னா பண்ற? ஊட்ல பொண்டாட்டிக்கு விசிறுறியா?"

குப்புசாமி டீயைக் கீழே வைத்தான். "இன்னா சொன்ன?"

"நீதான் எடுக்குறன்னு சொன்னேன்."

"காத்தத் திருடினவன்னு பேர் வச்சியா எனக்கு? ஊர் ஒலகத்துல எவனாவது காத்தத் திருடுவானாடா?"

"முன்னால போறதுக்குத் திருடுவான்."

"அப்ப சரி. வெள்ளிக்கெழம அம்மன் கோயில்ல சூடம் அணைக்கிறேன். வந்து பாரு."

 சூடம் அணைப்பது சின்ன விஷயம் இல்லை. திரௌபதி அம்மன் முன்னால் சூடம் கொளுத்தி வைப்பார்கள். பழி சுமந்தவன் 'நான் செய்யல' என்று சொல்லி உள்ளங்கையால் அடித்து அதை அணைத்தால், அதோடு வழக்கு தீர்ந்தது. பொய்யாக அணைத்தவனை அம்மன் பார்த்துக்கொள்வாள். ஆனால் அதில் இன்னொரு கட்டு உண்டு. சத்தியம் செய்த வீடும், செய்ய வைத்த வீடும் அன்றோடு அறுந்தது. பெண் கொடுக்கக் கூடாது, எடுக்கக் கூடாது, ஒரு பந்தியில் உட்காரக் கூடாது. யார் மேல் தப்பு என்பது அதற்குக் கணக்கு இல்லை.

"போச்சா?" என்றாள் மங்கம்மா, அவன் வீட்டுக்குள் காலை வைக்கும் முன்பே. பேச்சு அவனுக்கு முந்தி வந்துவிட்டது.

"தப்புப் பண்ணினவன் அவன்."

"நீ பார்த்தியா?"

"பாக்கணுமா? மெக்கானிக் சொன்னான்."

"மெக்கானிக் குப்புசாமின்னு பேர் சொன்னானா?"

"எவனோன்னு சொன்னான். நம்மூர்ல எவனோன்னா அவன்தான்."

"யோவ், காத்து போச்சுன்னா திரும்ப ஏத்திக்கலாம். சம்மந்தம் போச்சுன்னா எந்தப் பம்புல ஏத்துவ?"

"சொன்னது சொன்னதுதான்" என்றான்.

வீட்டில் சமையல் திரௌபதிதான். அன்றிலிருந்து அந்த வீட்டுக் குழம்பில் உப்பு இல்லை. வாசலுக்கு எதிரே மலைமலையாக உப்பு குவிந்திருக்கிற ஊரில், கன்னியப்பன் உப்பில்லாத மீன் குழம்பைச் சாப்பிட்டான். நன்றாக இருக்கிறது என்று வேறு சொன்னான்.

வெள்ளிக்கிழமை வந்தது. கிழக்கு வெளுக்கும்போதே கன்னியப்பன் ஒரு கோரைப்பாயை எடுத்துக்கொண்டு தோப்புக்குப் போனான். திருடனைக் கையும் களவுமாகப் பிடித்துவிட்டால் சூடமே வேண்டாம் என்பது அவன் திட்டம். லாரிக்கு அடியில் பாயை விரித்து மல்லாந்து படுத்தான். கடல் பக்கமிருந்து ஈரக்காற்று அடித்தது. பனி பாலாக இறங்கியிருந்தது. யாரும் வரவில்லை.

உப்பு லாரியின் அடிவயிற்றைப் பார்த்திருக்கிறீர்களா? இரும்பு எது, உப்பு எது என்று தெரியாது. பகலில் அந்த உப்பெல்லாம் காய்ந்து பொரிந்து கிடக்கும். விடியலில் பனி பட்டதும் நீர்த்துக்கொண்டு சொட்டும், வீட்டு உப்புச் சாடி கசிவதுபோல. அப்படித்தான் சொட்டிக்கொண்டிருந்தது. நெற்றியில் ஒரு சொட்டு, நெஞ்சில் ஒரு சொட்டு. செய்ய வேறு வேலை இல்லாததால் கன்னியப்பன் சொட்டுகளைப் பார்த்துக்கொண்டு கிடந்தான். எல்லாச் சொட்டும் நேராக விழுந்தன. ஒன்று மட்டும் விழவில்லை. அது திரளும், தொங்கும், விழப்போகிற சமயத்தில் யாரோ ஊதிவிட்டதுபோலப் பக்கவாட்டில் தெறித்துப் போகும். மறுபடி திரளும், மறுபடி தெறிக்கும்.

கன்னியப்பன் தலையைத் தூக்கிக் கன்னத்தை அதனிடம் கொண்டுபோனான். சில்லென்று மூச்சுப் பட்டது.

டேங்கிலிருந்து பின் சக்கரத்துப் பக்கம் போகிற குழாய் அது. மூட்டு அல்ல, குழாயின் நட்டநடு. அந்த இடத்தில் குழாயைச் சுற்றி ஒரு சாக்குத் துண்டு கட்டியிருந்தது. கட்டினவன் யார் என்று கேட்டுத் தெரிந்துகொள்ளத் தேவை இல்லை. பொங்கல் சமயத்தில் அந்தக் குழாய் வண்டியின் அடிச்சட்டத்தில் இடித்துக் கடகடவென்று சத்தம் போட்டது. கிழிந்த உப்புச் சாக்கு ஒன்றைக் கிழித்து அதில் சுற்றி இறுக்கிக் கட்டினான் கன்னியப்பன். சத்தம் நின்றது. உப்பு ஊறின சாக்கு இரும்பை விடுமா? உள்ளுக்குள் உட்கார்ந்து அரித்துத் தின்றுவிட்டது. பகலில் வெயில் பட்டதும் அந்தச் சாக்கு கல்லாக இறுகி, தான் போட்ட ஓட்டையைத் தானே அடைத்துக்கொள்ளும். பனி இறங்கினால் நெகிழ்ந்து விட்டுவிடும். திண்டிவனத்தில் கடலும் இல்லை, ஈரமும் இல்லை, அதனால் ஒழுகவும் இல்லை.

இவ்வளவையும் கன்னியப்பன் படுத்தபடியே யோசித்து முடித்தான். முடித்த பிறகு எழுந்திருக்க மனம் வரவில்லை.

யாரும் பார்க்கவில்லை. சாக்கை அறுத்துப் போட்டுவிட்டு, ஓசைப்படாமல் திண்டிவனம் போய்க் குழாயை மாற்றிக்கொண்டால் முடிந்தது. குப்புசாமி சூடம் அணைப்பான். அவன் சொல்வது நிஜம், அம்மனுக்கும் அவன் மேல் கோபம் வராது. கன்னியப்பன் சொன்னது சொன்னபடி இருக்கும். திரௌபதி மட்டும் வீட்டோடு இருப்பாள்.

எழுந்து, பாயைச் சுருட்டி வைத்துவிட்டுக் குப்புசாமி வீட்டுக்கு நடந்தான்.

குப்புசாமி தலைக்குக் குளித்து, வெளுத்த வேட்டி கட்டி, நெற்றி நிறைய விபூதியோடு நின்றான்.

"சூடத்துக்கு இன்னும் நேரம் இருக்குது. அதுக்குள்ள இன்னா?"

"வண்டியப் பாக்க வா."

"நான் பாத்தாக் காத்து பூடும்னு சொன்னியே."

"போறதப் பாக்கத்தான் கூப்புடுறேன்."

குப்புசாமி வந்தான். வருவதற்குள் சூரியன் பனை உயரத்துக்கு வந்துவிட்டது. கன்னியப்பன் இஞ்சினைப் போட்டுக் காற்றை ஏற்றி நிறுத்திவிட்டு, வண்டிக்கு அடியில் நுழைந்தான். குப்புசாமியும் வெளுத்த வேட்டியோடு நுழைந்து பக்கத்தில் படுத்தான்.

"எங்க?"

"இங்க."

இரண்டு பேரும் சாக்கைப் பார்த்தார்கள். சாக்கு காய்ந்து கல்லாகக் கிடந்தது. ஒரு சத்தம் இல்லை.

"ஒண்ணும் வரலியே" என்றான் குப்புசாமி.

"காலையில வந்துது."

"காலையில நானும் வந்தேன்னு சொல்லுவ."

கன்னியப்பன் வெளியே வந்து, ஓடிப்போய்ப் பாத்தி வாய்க்காலில் ஒரு வாளித் தண்ணீர் மொண்டுவந்து, மறுபடி அடியில் நுழைந்து சாக்கின் மேல் ஊற்றினான். ஒன்றும் ஆகவில்லை. இன்னொரு வாளி ஊற்றினான். சாக்கு இன்னும் கொஞ்சம் வெள்ளையானது. குப்புசாமி நனைந்ததுதான் மிச்சம்.

புருஷன் பாயோடு போனதைப் பார்த்துவிட்டு வந்த மங்கம்மா, இடுப்பில் குடத்தோடு அங்கே நின்றிருந்தாள். நல்ல தண்ணீர்க் கிணற்றிலிருந்து குடிக்க எடுத்து வந்த தண்ணீர்.

"பாத்தித் தண்ணியில உப்பு கரையுமாய்யா? அதுவே உப்பக் கக்குற தண்ணி. நகரு" என்று சொல்லிவிட்டுக் குனிந்து, குடிக்கிற தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சாக்கின் மேல் விட்டாள். பாதிக் குடம் போனது. சாக்கு மெல்ல நெகிழ்ந்தது. முதலில் ஒரு முணுமுணுப்பு. பிறகு பூனை சீறுகிற மாதிரி ஒரு சத்தம். குமிழி குமிழியாகப் பொங்கிக் குப்புசாமியின் முகத்தில் தெறித்தது.

குப்புசாமி நெற்றியைத் துடைத்தான். விபூதி போய்விட்டது.

"யாரு கட்டுனது இந்தச் சாக்க?"

கன்னியப்பன் வானத்தைப் பார்க்கலாம் என்று பார்த்தான். மேலே லாரிதான் இருந்தது.

"நான்தான்."

"சத்தமா சொல்லு. காத்து இரைச்சல்ல கேக்கல."

"நான்தான்யா கட்டுனேன்!"

"அண்ணே, வுட்டுடுங்க அண்ணே, ஒத்துக்கினாருல்ல" என்றாள் மங்கம்மா.

"வுட முடியாது தங்கச்சி" என்றான் குப்புசாமி, படுத்தபடியே. "என்னைச் சொன்னது டீக்கடையில. அதை எடுக்குறது மட்டும் லாரிக்கு அடியிலயா? கோயில்ல வந்து சொல்லச் சொல்லு. இல்லன்னா நான் சூடம் அணைக்கிறது அணைக்கிறதுதான்."

கோயிலில் கூட்டம் கூடியிருந்தது. நாட்டாண்மைக்காரர் வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்தார். பூசாரி சூடத்தைக் கொளுத்தி வைத்தார். குப்புசாமி வந்து நின்றான். வேட்டி முழுக்கக் கிரீஸ். கன்னியப்பன் அவனுக்கு முன்னால் போய் நின்றுகொண்டான். சூடம் எரிகிறது, அவன் வாய் திறக்கவில்லை. கட்டி பாதியாகிவிட்டது. பெண்கள் பக்கத்தில் நின்ற திரௌபதி, சூடத்தைப் பார்க்கவில்லை, அப்பன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"காத்த எடுத்தது நான்தான்" என்றான் கன்னியப்பன்.

யாருக்கும் புரியவில்லை. "உன் வண்டிக் காத்த நீயே எதுக்குடா எடுத்த?" என்றார் நாட்டாண்மைக்காரர்.

"சாக்கு சுத்தினேன்."

அது இன்னும் புரியவில்லை. குழாய் ஆடினது, சாக்கு கட்டினது, உப்பு அரித்தது, பனியில் ஒழுகினது, வெயிலில் அடைத்துக்கொண்டது எல்லாவற்றையும் சொல்ல வேண்டியதாயிற்று. சொல்லச் சொல்லக் கன்னியப்பனுக்கு வேர்த்தது. "குப்புசாமி எடுக்கல. நான் சொன்னது தப்பு" என்று முடித்தான். கடைசி வார்த்தை சின்னதாகத்தான் வந்தது, ஆனால் வந்தது.

"அப்ப சத்தியம் கேட்டவனும் நீ, பண்ண வேண்டியவனும் நீ" என்றார் நாட்டாண்மைக்காரர். கொஞ்ச நேரம் தாடையைத் தடவினார். "கேட்ட ஊடும் பண்ணின ஊடும் சம்மந்தம் வச்சிக்கக் கூடாது, அதான் கட்டு. இங்க ரெண்டும் ஒரே ஊடு. தன் பொண்ணத் தனக்கே எவனும் எடுத்துக்கப் போறதில்ல. அதனால கல்யாணத்துக்குத் தடை இல்ல. இன்னா குப்புசாமி?"

குப்புசாமி சூடத்தைப் பார்த்தான். கையை நீட்டினான். மங்கம்மா கண்ணை மூடிக்கொண்டாள். அவன் சூடத்தின் மேல் கையைக் காட்டிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, பூசாரியிடம், "அம்மனுக்குக் காட்டுங்க, அணையப் போவுது" என்றான்.

குழாயை மாற்றித் தந்த சிவப்பிரகாசம், "நான்தான் அப்பவே சொன்னேனே அண்ணே, வண்டியில குறை இல்லன்னு" என்றார். கன்னியப்பன் காசை எண்ணிக் கொடுத்தான்.

குப்புசாமியின் வேட்டியை மங்கம்மா வாங்கிவந்து சவுக்காரம் போட்டாள், உவர்மண்ணில் ஊறவைத்தாள், கல்லில் அடித்தாள். கறை போகவில்லை. கன்னியப்பன் பாண்டிச்சேரி போய் நல்ல கரைவேட்டியாக ஒன்று எடுத்துவந்து, வைகாசியில் கல்யாணத்தன்று வெற்றிலை பாக்கோடு தாம்பாளத்தில் வைத்துச் சம்பந்தியிடம் நீட்டினான். குப்புசாமி மரியாதையாக வாங்கி மடிப்புக் கலையாமல் பக்கத்தில் வைத்துக்கொண்டான். கிரீஸ் வேட்டியோடுதான் மணையின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். திரௌபதி கழுத்தில் சகாதேவன் தாலி கட்டினான். வந்தவர்களெல்லாம் தாலியைப் பார்த்துவிட்டு வேட்டியைப் பார்த்தார்கள்.

"இன்னா குப்புசாமி, புள்ளையோட கல்யாணத்துல வேட்டியில கறை?"

"சம்மந்தியக் கேளுங்க" என்றான் குப்புசாமி.

கேட்டார்கள். கன்னியப்பன் சொன்னான். ஒருவர் போனால் இன்னொருவர் வந்து கேட்டார், அவருக்கும் முதலிலிருந்து சொன்னான். கடைசிப் பந்தி எழுந்து கை கழுவுகிற வரைக்கும் சொல்லிக்கொண்டிருந்தான்.